முட்டைக்குத் தேதி இல்லை. கடைக்காரர் சொல்தான் தேதி



மளிகைக் கடையில் நாம் விற்கும் பண்டங்களில் பலவற்றைத் தொட்டுப் பார்க்கலாம், முகர்ந்து பார்க்கலாம். துவரம்பருப்பில் வண்டு விழுந்தால் கண்ணுக்குத் தெரியும். மிளகாய் வற்றல் பதம் போனால் கையில் எடுத்தவுடன் தெரியும். எண்ணெயில் சிக்கு வாடை வந்தால் மூக்கே சொல்லிவிடும். முட்டை ஒன்றுதான் மூடியபடி வந்து மூடியபடியே போகிறது. வாங்கிச் சென்றவர் வீட்டில் போய் உடைத்த பிறகுதான் உள்ளே இருந்தது தெரியும். அப்போது அவர் கோழியைத் திட்டுவதில்லை, பண்ணைக்காரரையும் திட்டுவதில்லை. கடைக்காரரைத்தான் திட்டுவார்.

இதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் தகப்பனார் காலத்து மொத்த மளிகை வியாபாரம் எங்களுடையது. 1980களின் இறுதியில் ஒரு சித்திரை மாதம், விலை மலிவாகக் கிடைக்கிறதே என்று தேவைக்கு மேல் முட்டை வாங்கி, தகரக் கூரை போட்ட கிடங்கில் அடுக்கிவிட்டோம். எத்தனை நாள் சரக்கு என்று விற்றவரிடம் கேட்கவில்லை, கேட்கத் தோன்றவுமில்லை. விற்றுத் தீர ஒன்பது, பத்து நாட்கள் ஆகிவிட்டன. அம்மாப்பேட்டைப் பக்கம் சிறு கடை வைத்திருந்த ஒருவர் ஈயக் கிண்ணத்தில் உடைத்த முட்டைகளோடு கடைக்கே வந்துவிட்டார். “ஏங்க, ஒரு அட்டையிலே ஆறு கூமுட்டை. என் கடை வாசல்லே வெச்சு ஒரு அம்மா உடைச்சுக் காட்டிட்டுப் போறாங்க. இனிமே அந்தத் தெருவிலே யாரு என்கிட்ட முட்டை வாங்குவாங்க?” என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. உள்ளேயிருந்த தகப்பனார் எழுந்து வந்து, அவர் எடுத்துச் சென்ற அத்தனை அட்டைக்கும் புதுச் சரக்கு கொடுத்து அனுப்பினார். பிறகு எங்களைப் பார்த்து, “முட்டைக்கு ஓட்டிலே தேதி இல்லப்பா. நம்ம சொல்லுதான் தேதி” என்று மட்டும் சொன்னார். கிடங்கில் மிச்சமிருந்ததைக் குழி தோண்டிப் புதைத்தோம்.

அன்றிலிருந்து முட்டையைப் பற்றிக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டவற்றை நம் சிறு வியாபாரிகளுக்குப் பயன்படும் என்று இங்கே எழுதுகிறோம்.

நாமக்கல் முட்டை வந்த கதை

இன்று நாமக்கல் என்றாலே முட்டை. ஆனால் அந்த மண் வானம் பார்த்த பூமி. கிணற்றுப் பாசனத்தையும் மானாவாரி நிலக்கடலை, சோளத்தையும் நம்பியிருந்த விவசாயிகள் 1970களில் கோழிப்பண்ணைக்குத் திரும்பினர். ஊரில் லாரித் தொழில் ஏற்கெனவே வேரூன்றியிருந்ததால், வெளியூரிலிருந்து மக்காச்சோளம் கொண்டுவரவும், கேரளத்துக்கும் பெங்களூருக்கும் முட்டை ஏற்றி அனுப்பவும் வண்டிக்குக் குறைவில்லை. 1985இல் நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. 1997 ஜனவரி 1 முதல் நாமக்கல், சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாக இயங்குகிறது. தினமும் கோடிக்கணக்கில் முட்டை இங்கிருந்து புறப்படுகிறது. வளைகுடா நாடுகளுக்கும் கப்பலேறுகிறது.

ஆனால் ஆரம்பத்தில் பண்ணையாளர் கையில் விலை இல்லை. 1980களின் தொடக்கத்தில், பெருநகர வியாபாரிகள் சொன்னதே விலையாக இருந்தது. தீவனச் செலவுக்குக் கூடக் கட்டாமல் பல பண்ணைகள் மூடப்பட்டன. அந்நிலையில் டாக்டர் பி.வி. ராவ் ஊர் ஊராகச் சென்று பண்ணையாளர்களைக் கூட்டிப் பேச, 1982இல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு உருவாயிற்று. ‘என் முட்டை, என் விலை, என் வாழ்க்கை’ என்பது அதன் முழக்கம். இன்றும் நாமக்கல் மண்டல விலையை அறிவிப்பது இக்குழுவே.

பேப்பர் விலையும் கடை விலையும்

“பேப்பரில் ஒரு விலை, நீங்கள் சொல்வது ஒரு விலை” என்று வாடிக்கையாளர் கேட்பது நமக்குப் பழகிப்போன கேள்வி. பேப்பரில் வரும் நாமக்கல் விலை பண்ணைக் கொள்முதல் விலை. அதன்மேல் ஏற்றுக்கூலி, லாரி வாடகை, அட்டைச் செலவு, உடைசல், மொத்த வியாபாரியின் லாபம் எல்லாம் சேர்ந்துதான் நம் கடைக்கு வருகிறது. மறுபுறம், தேவை குறைந்த நாட்களில் அறிவித்த விலையிலிருந்து காசு குறைத்துப் பண்ணையில் எடுப்பதும் உண்டு. இதற்கு ‘மைனஸ்’ என்று பெயர். மைனஸ் அதிகம் என்றால் பண்ணையில் சரக்குத் தேங்குகிறது என்று பொருள். அப்போது மலிவாக வருவது பழைய சரக்கா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். நாங்கள் சித்திரையில் ஏமாந்தது இந்த இடத்தில்தான்.

விலைக்கு மாதக் கணக்கும் உண்டு. புரட்டாசியில் பெருமாளுக்கு விரதம், விற்பனை படுத்துவிடும். கார்த்திகையில் மாலை போடுகிறவர்களால் நம் பக்கம் கொஞ்சம் குறைந்தாலும், வடநாட்டில் குளிர் தொடங்குவதாலும் கிறிஸ்துமஸ் கேக்குக்காகவும் டிசம்பரில் விலை ஏறும். கோடையில் ‘முட்டை சூடு’ என்று மக்கள் ஒதுக்குவார்கள். ஆகவே புரட்டாசிக்கும் சித்திரைக்கும் முன் சரக்கைக் குறைத்து வைப்பதே புத்திசாலித்தனம்.

உடைசல் எப்படி லாபத்தைத் தின்கிறது என்பதற்கு ஒரு கணக்கு. முட்டை 5 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அட்டைக்கு 30 முட்டை. முதல் 150 ரூபாய். ஒன்றை 5 ரூபாய் 50 காசுக்கு விற்றால் 165 ரூபாய். லாபம் 15 ரூபாய். இரண்டு முட்டை உடைந்தால் கிடைப்பது 154 ரூபாய். லாபம் 4 ரூபாய். மூன்றாவது முட்டையும் உடைந்தால் கைநட்டம். அட்டையை இறக்கும் பையனுக்கு ஒரு டீ அதிகமாக வாங்கிக் கொடுத்து, மெதுவாக இறக்கச் சொல்வது நட்டமாகாது.

ஓட்டுக்குள் இருப்பது

பண்ணையில் முட்டைக்கோழி ஏறத்தாழ 19, 20 வாரத்தில் முட்டையிடத் தொடங்குகிறது. நாளொன்றுக்கு சுமார் 110 கிராம் தீவனம் தின்று, ஆண்டுக்கு 300 முட்டைக்கு மேல் இடுகிறது. ஒரு முட்டை கோழியின் உடம்பில் உருவாக 24 முதல் 26 மணி நேரம் ஆகிறது. அதில் ஓடு கட்டுவதற்கு மட்டும் சுமார் 20 மணி நேரம். ஓட்டில் பெரும்பகுதி சுண்ணாம்புச் சத்து. கோடையில் கோழி வெயில் தாங்காமல் வாய் திறந்து இளைக்கும். தீனியும் குறைவாக எடுக்கும். அதனால் ஓடு மெலிந்து, முட்டையும் சிறுக்கும். சித்திரை, வைகாசியில் உடைசல் அதிகமாவதற்கு லாரிக்காரர் மட்டும் காரணமல்ல.

ஓடு கெட்டியாகத் தெரிந்தாலும் அதில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உள்ளன. இத்துளைகளை மூடியபடி ஓட்டின்மேல் மெல்லிய பூச்சு ஒன்றைக் கோழியின் உடம்பே பூசி அனுப்புகிறது. நாள் ஆக ஆக உள்ளே உள்ள ஈரம் துளை வழியே ஆவியாகும். காற்று உள்ளே புகும். முட்டையின் அகலமான பக்கத்தில் உள்ள காற்றறை பெரிதாகும். வெள்ளைக்கரு நீர்த்துப்போகும். மஞ்சள்கரு தட்டையாகிச் சீக்கிரம் உடையும். வெயிலில் இது வேகமாக நடக்கும், குளிர்ச்சியில் மெதுவாக நடக்கும். முட்டையின் வயதைக் காட்டும் அடையாளங்கள் எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன.

பார்த்து அறிவது எப்படி?

தண்ணீர்ச் சோதனை நம் பாட்டிமார் செய்ததுதான். புது முட்டை தண்ணீரில் அடியில் படுத்துக்கொள்ளும். சில நாள் ஆனது சற்றே சாயும். பழையது செங்குத்தாக நிற்கும். மிதப்பதைத் தூர எறிய வேண்டும். காற்றறை பெருகுவதே காரணம். சரக்கு வந்தவுடன் அட்டைக்கு ஒன்று வீதம் நாலைந்து எடுத்துப் பாருங்கள். நனைந்த முட்டையை மீண்டும் அட்டையில் வைக்காமல் வீட்டுக்கு எடுத்துச் சென்று சமைத்துவிடுங்கள்.

இருட்டில் டார்ச் விளக்கைப் பிடித்துப் பார்ப்பது இன்னொரு வழி. அகலப் பக்கத்தில் காற்றறை சிறியதாகத் தெரிந்தால் புதியது. மயிரிழை விரிசல்களும் இதில் அகப்படும். காதருகே வைத்துக் குலுக்கினால் சத்தம் வருவது பழையது.

கூழ்முட்டை என்ற சொல்தான் பேச்சில் கூமுட்டை ஆயிற்று. அடை வைத்தும் குஞ்சு பொரிக்காமல் கூழாகிப்போனதை அப்படிச் சொன்னார்கள். விவரமில்லாதவனையும் ஊரில் அப்படித்தான் அழைக்கிறார்கள். கடைக்காரருக்கு அந்தப் பெயர் வராமல் பார்த்துக்கொள்வது அவர் கையில் இருக்கிறது.

வைத்துக்கொள்ளும் முறை

அட்டையில் முட்டையின் கூர்ப்பக்கம் கீழாகவும் அகலப்பக்கம் மேலாகவும் இருக்க வேண்டும். அப்போதுதான் காற்றறை மேலேயே நின்று, மஞ்சள்கரு நடுவில் நிற்கும்.

வெயில் படும் வாசலிலும், அடுப்புச் சூடு படும் சுவரோரத்திலும், மூடிய தகரக் கிடங்கிலும் வைக்கலாகாது. நிழலும் காற்றோட்டமும் வேண்டும். எங்கள் அனுபவத்தில் கோடையில் ஒரு வாரத்துக்குள்ளும், மழை, பனிக் காலத்தில் இரண்டு வாரத்துக்குள்ளும் விற்றுவிட வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்ததை வெளியே எடுத்தால் முட்டை வியர்க்கும். அந்த ஈரம் துளை வழியே கிருமியை உள்ளே இழுக்கும். ஆகவே உள்ளே வைத்ததை விற்கும்போதுதான் எடுக்க வேண்டும்.

அழுக்காக இருக்கிறதே என்று தண்ணீரில் கழுவி அடுக்குபவர்கள் உண்டு. இது தவறு. மேற்பூச்சு போய்விட, முட்டை சீக்கிரம் கெடும். அமெரிக்காவில் கழுவித்தான் விற்கிறார்கள். ஆனால் பண்ணையிலிருந்து கடை வரை குளிர்ச்சியிலேயே வைக்கிறார்கள். அந்த வசதி நமக்கு இல்லை. காய்ந்த துணியால் மெல்லத் துடைத்தால் போதும்.

துளை வழியே வாடையும் புகும். கருவாடு, மண்ணெண்ணெய், பூண்டு, பெருங்காயம் பக்கத்தில் முட்டை இருக்கக் கூடாது. இன்னொன்றும் உண்டு. கற்பூரம், ஊதுபத்தி, குங்குமம் இருக்கும் அலமாரியில் முட்டை அட்டையைக் கண்டால் சைவக் குடும்பத்தார் வேறு கடைக்குப் போய்விடுவார்கள். இருவரும் நம் வாடிக்கையாளரே. தனி இடம் ஒதுக்குவது மரியாதை.

எந்தச் சரக்கை யாருக்கு என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஆஃப்பாயில், கலக்கி போடும் கடைக்குப் புது முட்டை கொடுங்கள். மஞ்சள்கரு நிமிர்ந்து நிற்கும். பிரியாணிக் கடைக்கும் முட்டை போண்டாக் கடைக்கும் வேகவைத்து உரிக்க வேண்டும். அன்றே இட்ட முட்டையின் ஓடு சரியாக உரியாது. நாலைந்து நாள் ஆனது சுலபமாக உரியும். தட்டுவடையை நொறுக்கி முட்டை ஊற்றும் நம் சேலத்து முட்டை நொறுக்கலுக்கு இரண்டும் சரிதான்.

வாடிக்கையாளர் கேட்கும் கேள்விகள்

‘இதில் குஞ்சு பொரிக்குமா?’ பொரிக்காது. பண்ணைக் கூண்டில் சேவல் இல்லை. சேவல் சேராத முட்டையில் உயிர்க்கரு கிடையாது. பால் சாப்பிடுகிறவர் இத்தகைய முட்டையைச் சாப்பிடத் தடையில்லை என்ற கருத்தை மகாத்மா காந்தியே எழுதியிருக்கிறார். ஆனால் யாரையும் மாற்றுவது கடைக்காரர் வேலையல்ல. கேட்டால் உள்ளதைச் சொன்னால் போதும்.

‘பழுப்பு முட்டைக்குச் சத்து அதிகமா?’ ஓட்டின் நிறம் கோழியின் இனத்தால் வருவது. சத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. மஞ்சள்கருவின் நிறம் தீவனத்தால் வருவது. மக்காச்சோளமும் கீரையும் தின்றால் நிறம் கூடும். வெள்ளை முட்டைக்குச் சாயம் ஏற்றி நாட்டுக்கோழி முட்டை என்று விற்பது மோசடி.

‘ரத்தப் பொட்டு இருக்கிறதே?’ கரு உருவாகும்போது சிறு ரத்தக் குழாய் விட்டுப்போவதால் வருவது, கெட்டதல்ல. இரட்டைக்கரு பெரும்பாலும் புதிதாக முட்டையிடத் தொடங்கிய கோழியினுடையது. வேகவைத்த மஞ்சள்கருவைச் சுற்றிப் பச்சை வளையம் வந்தால் அதிக நேரம் வேகவிட்டார்கள் என்று அர்த்தம்.

‘தினமும் சாப்பிடலாமா?’ ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் உண்டு. வைட்டமின் ஏ, டி, பி12 உண்டு. வைட்டமின் சி மட்டும் இல்லை. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒருவருக்கு ஆண்டுக்கு 180 முட்டை என்று பரிந்துரைத்தது. நோயாளிகளை மருத்துவரைக் கேட்கச் சொல்லுங்கள். பச்சையாகக் குடிப்பதைவிட வேகவைத்துச் சாப்பிடுவதே நல்லது.

‘பிளாஸ்டிக் முட்டையாமே?’ 2017இல் இந்தப் புரளி நாடெங்கும் பரவியது. உண்மையில் நாட்பட்ட முட்டையின் உட்சவ்வு காய்ந்து ரப்பர் போலாகிவிடும். அதை இழுத்துக் காட்டியே பீதி கிளப்பினார்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையமும் இதைப் புரளி என்றே விளக்கியது. 2006இல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் வந்தபோதும் இப்படித்தான். நோய் அங்கே, விலை விழுந்தது இங்கே. நன்றாக வேகவைத்த முட்டையில் அந்தக் கிருமி உயிரோடிருக்காது என்று எடுத்துச் சொல்லக் கூட அன்று பல கடைக்காரர்களுக்குத் தெரியவில்லை. விவரம் தெரிந்த கடைக்காரரே புரளிக்கு முதல் தடுப்பு.

முட்டையோடு கலந்த வாழ்வு

கோழியும் முட்டையும் நமக்கு நேற்று வந்தவையல்ல. சோழர் தலைநகரான உறையூருக்கே கோழி என்ற பெயர் சங்க காலத்தில் இருந்தது. முருகன் கொடியில் சேவல் நிற்கிறது. செட்டிநாட்டு வீடுகளில் சுவர் கண்ணாடிபோல் பளபளப்பதற்குச் சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்தார்கள். திருஷ்டி கழிக்க அமாவாசையன்று ஒற்றை முட்டை கேட்டு இன்றும் வருகிறார்கள். அந்த ஒன்றையும் நல்ல முட்டையாகவே கொடுங்கள்.

எல்லாவற்றிலும் பெரிது பள்ளிக் குழந்தையின் முட்டை. 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில், 1989இல் கலைஞர் ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்ந்தது. பிறகு வாரம் ஒன்றாகி, படிப்படியாக உயர்ந்து, 2010இல் பள்ளி நாள் ஐந்துக்கும் ஐந்து என்றாயிற்று. முட்டை உண்ணாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம். இந்த முட்டைகளில் அரசு முத்திரை குத்தப்படுகிறது. முத்திரையுள்ள முட்டையை யாராவது பாதி விலைக்குக் கொண்டுவந்து நீட்டினால் தொடாதீர்கள். சட்டத்தின் பிடி ஒருபக்கம் இருக்கட்டும். அது ஏதோ ஒரு குழந்தையின் தட்டிலிருந்து எடுக்கப்பட்டது.

ஐரோப்பிய நாடுகளில் ஒவ்வொரு முட்டையின் ஓட்டிலும் எந்த நாடு, எந்தப் பண்ணை என்று எண் குத்தியிருக்கிறார்கள். நம் ஊரிலும் சிறு பெட்டிகளில் வருவதற்குத் தேதி அச்சிடுகிறார்கள். ஆனால் சாதாரண மக்கள் வாங்கும் அட்டை முட்டைக்குத் தேதி இல்லை. அந்தக் குறையை நாமே தீர்த்துக்கொள்ள முடியும். சரக்கு இறங்கிய அன்றே ஒவ்வொரு அட்டையின் ஓரத்திலும் பேனாவால் தேதி எழுதுங்கள். முன்னால் வந்தது முன்னால் போகட்டும். விரிசல் விட்டதை அன்றே தனியே எடுத்துவிடுங்கள். நாட்பட்டதைத் தள்ளுபடி விலைக்குக் கூட விற்காதீர்கள். வாங்குகிறவர் கேட்டால் என்றைக்கு வந்த சரக்கு என்று தயங்காமல் சொல்லுங்கள்.

அன்று ஈயக் கிண்ணத்தோடு வந்தவர் பின்னாளில் முப்பது ஆண்டு எங்களிடமே சரக்கு எடுத்தார். இப்போது அவர் மகன் எடுக்கிறார். அட்டையைக் கையில் வாங்கியதும் அவரும் முதலில் ஓரத்தில் உள்ள தேதியைத்தான் பார்க்கிறார்.